சீனத்துப் பிள்ளையும் ஆங்கிலக் கிரகித்தலும்

கொஞ்சம் நீளமான பதிவு. ஓ.எல் படிக்கிற பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்காரரும், ஆங்கிலம் படிப்பிக்கிற சக ஆசிரியர்களும் ஆறுதலாக வாசியுங்கள்.

போன கிழமை ஸ்டாஃப் ரூமில் சீனாக்காரரின் ஆங்கிலத்தைப் பற்றி ஒரு கதை வந்தது. "அவங்களுக்கு எங்க ஆங்கிலம்? எல்லாம் போனை நீட்டி ட்ரான்ஸ்லேட் பண்ணித்தானே வியாபாரம்" என்றார் ஒரு சேர். யீவூவுக்குப் போய் சாமான் எடுத்து வருகிற நம்ம ஊர் ஆட்கள் எல்லாரும் சொல்வதுதான். கடையில் நிற்கிறவர்களைப் பொறுத்தவரை அது சரியாகவும் இருக்கலாம். ஆனால் அதே யீவூவில் பதினேழு, பதினெட்டு வயதுப் பிள்ளைகள் பரீட்சைக்கு வாசிக்கிற ஆங்கிலப் பந்திகளை நான் ஒரு வருடம் கிட்டத்தட்ட ஒவ்வொரு கிழமையும் வாசித்திருக்கிறேன். அதை நம்ம ஏ.எல் பிள்ளைகளிடம் கொடுத்தால் பாதிப் பேர் பேனையை வைத்துவிடுவார்கள்.

எனக்கு அது எப்படிக் கிடைத்தது என்றால், என் நானா யீவூவில் இருக்கிறார். அவர் வேலை செய்கிற இடத்தில் கணக்குப் பார்க்கும் பெண்ணுக்கு ஒரு மகள். "உன் தங்கச்சி இங்கிலிஷ் டீச்சர்தானே, என் மகளோட கொஞ்சம் வாசிக்கச் சொல்லேன்" என்று கேட்டிருக்கிறார். நானாவும் வழக்கம்போல என்னிடம் கேட்காமலே ஓம் என்று சொல்லிவிட்டார். 2024 ஜூலையில் தொடங்கினோம். அந்தப் பிள்ளை விடுதியில் இருந்து படிக்கிறவள், கிழமைக்கு ஒருமுறைதான் வீட்டுக்கு வருவாள். சனிக்கிழமை இரவு நமக்கு ஏழரை, அவளுக்குப் பத்து மணி. வீசெட்டில் அழைப்பு வரும். ஒரு மணித்தியாலம்.

அவள் எதற்குத் தயாராகிறாள் என்பதை முதலில் சொல்ல வேண்டும். அங்கே பல்கலைக்கழகம் போவதற்கான பரீட்சையின் பெயர் காவ்காவ். காகம் கத்துவது போலத்தான் கேட்கும், ஆனால் அந்த நாட்டில் அந்தச் சொல்லைக் கேட்டுச் சிரிக்கிறவர் யாரும் இல்லை. கலாசாரப் புரட்சிக் காலத்தில் 1966இல் நிறுத்தி, 1977இல் திரும்பவும் தொடங்கிய பரீட்சை. இப்போது ஒவ்வொரு வருடமும் ஜூன் 7ஆம் திகதி தொடங்கும். மொத்தம் 750 புள்ளி. அதில் சீன மொழிக்கு 150, கணிதத்துக்கு 150, ஆங்கிலத்துக்கும் அதே 150. கிராமத்துப் பிள்ளைக்கும் நகரத்துப் பிள்ளைக்கும் ஆங்கிலம் ஐந்தில் ஒரு பங்கு. அவள் இருக்கிற செஜியாங் மாகாணத்தில் ஆங்கிலத்தை மட்டும் ஜனவரியில் ஒருமுறை, ஜூனில் ஒருமுறை என்று இரண்டு தரம் எழுதலாம். எது கூடவோ அதை எடுத்துக்கொள்வார்கள்.

இரண்டு மணித்தியால வினாத்தாள். செவிமடுத்தலுக்கு 30 புள்ளி. அதற்குப் பிறகு வாசிப்புக்கு மட்டும் 50. நான்கு பந்திகள், பதினைந்து பல்தேர்வு வினாக்கள், ஒவ்வொன்றுக்கும் இரண்டரைப் புள்ளி. முதல் பந்தி பெரும்பாலும் விளம்பரம், அறிவித்தல், நேரசூசி மாதிரி ஒன்று. இரண்டாவது யாரோ ஒரு மனிதரின் கதை. மூன்றாவதும் நான்காவதும்தான் பிள்ளைகளைக் குப்புறத் தள்ளுகிறவை: விஞ்ஞானம், சமூகம், புத்தக அறிமுகம் என்று, இங்கிலாந்து, அமெரிக்கப் பத்திரிகைகளில் வரும் கட்டுரைகளைச் சுருக்கிப் போட்டிருப்பார்கள். பாடத்திட்டத்தில் இல்லாத கடினமான சொல் வந்தால் பக்கத்திலேயே அடைப்புக்குள் சீனத்தில் அர்த்தம் இருக்கும். இது எனக்குப் பிடித்த விஷயம். ஒரு சொல் தெரியாததற்காக ஒரு பந்தியையே பிள்ளை இழக்கக் கூடாது என்று யாரோ யோசித்திருக்கிறார்கள்.

முதல் சனிக்கிழமை அவள் ஒரு முழு வாசிப்புப் பகுதியையும் என் முன்னால் செய்து காட்டினாள். பதினைந்துக்குப் பதின்மூன்று சரி. எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. இந்தப் பிள்ளைக்கு நான் என்னத்தைச் சொல்லிக் கொடுக்க என்று நினைத்தேன். பிறகு சும்மா கதைக்கத்தான் கேட்டேன்: "மூன்றாவது பந்தி எதைப் பற்றி? உனக்கு விளங்கியதைச் சொல்லு."

பேச்சில்லை. பந்தியைத் திரும்பப் பார்த்தாள். பிறகு வினாவைப் பார்த்தாள். "விடை பீ" என்றாள்.

அவளுக்கு ஆங்கிலம் பேச வரவில்லை என்று நினைக்க வேண்டாம், பேசுவாள். அன்றைக்குக் காலையில் என்ன சாப்பிட்டாள், விடுதியில் யாரோடு சண்டை, எல்லாம் சொல்லத் தெரியும். அந்தப் பந்தியில் அவளுக்குச் சொல்ல ஒன்றும் இருக்கவில்லை. அவள் அதை வாசித்திருக்கவே இல்லை.

அவள் செய்தது என்ன என்று பிறகு நிதானமாகக் கேட்டு அறிந்தேன். முதலில் வினாவை வாசிப்பது. வினாவில் ஒரு பெயர், ஒரு வருடம், ஒரு முக்கியமான சொல் இருக்கும், அதற்குக் கீழே கோடு. பிறகு பந்தியில் அந்தச் சொல்லைக் கண்ணால் தேடுவது. கிடைத்த இடத்துக்கு முன்னால் ஒரு வசனம், பின்னால் ஒரு வசனம். அதை நான்கு விடைகளோடும் ஒப்பிடுவது. பந்தியில் உள்ள சொல்லை அப்படியே திருப்பிப் போட்டிருக்கும் விடையைச் சந்தேகப்படுவது, அதே கருத்தை வேறு சொல்லில் சொல்லும் விடையைத் தெரிவது. 'எப்போதும்', 'மட்டும்' என்ற மாதிரிச் சொற்கள் இருக்கும் விடையை வெட்டுவது. நான்கில் இரண்டு போய்விடும், மிச்சம் இரண்டு. இதை அவள் மூன்று வருடமாகச் செய்கிறாள். ஒரு நாளைக்கு இரண்டு, மூன்று பந்தி. சீனத்தில் இதற்கு 'ஷுவாதி' என்று பெயராம். 'ஷுவா' என்றால் தேய்க்கிறது, பிரஷ் போடுகிறது. வினாவைத் தேய்த்துத் தள்ளுவது. பாத்திரம் கழுவுகிற மாதிரி.

இதை நான் பழிக்க வரவில்லை. முதல் பந்திக்கு இதுதான் சரியான வழி. நேரசூசியை யாரும் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை வாசிப்பதில்லை, பஸ் எத்தனை மணிக்கு என்று தேடத்தான் செய்வோம். 2023ஆம் வருடத் தாளின் முதல் பந்தி அம்ஸ்டர்டாமில் சைக்கிள் வாடகைக்கு எடுப்பது பற்றியது. எந்தச் சைக்கிள், எத்தனை மணித்தியாலம், எவ்வளவு காசு என்று அட்டவணை. தேடினால் போதும். கோளாறு என்னவென்றால், தேடிப் பழகிய கண், தேடக் கூடாத இடத்திலும் தேடும். அவள் விட்ட இரண்டு வினாக்களும் எப்போதும் கடைசி இரண்டு பந்திகளில்தான் இருந்தன. எழுதியவரின் மனப்பாங்கு என்ன, பொருத்தமான தலைப்பு எது, மூன்றாம் பத்தியின் வேலை என்ன? அந்த விடைகள் எந்த ஒரு வசனத்திலும் உட்கார்ந்திருக்கவில்லை. முழுவதிலும் பரவி இருந்தன.

இந்த இடத்தில், ஆங்கிலம் படிப்பிக்கிறவர்களுக்கு ஒரு சுவாரசியமான விஷயம். மற்றவர்கள் வேண்டுமானால் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம்.

நான் தரம் 10 வகுப்பில் வழக்கமாகப் பலகையில் எழுதுகிற ஒரு வசனம் இருக்கிறது: "த கேர்ள் ஹூ சோல்ட் த ஷூஸ் மை சிஸ்டர் வோன்டட் லெஃப்ட் த ஷொப்." கடையை விட்டுப் போனது யார்? நம்ம பிள்ளைகளில் பாதிக்கு மேல் "சிஸ்டர்" என்பார்கள். 'லெஃப்ட்' என்றால் இடது பக்கம் என்று கையைக் காட்டுகிறவர்களும் உண்டு. அதே வசனத்தை அந்தப் பிள்ளைக்கு அனுப்பினேன். அவளும் "சிஸ்டர்" என்றாள்!

காரணம் இரண்டு பக்கமும் ஒன்றுதான். தமிழில் நாம் "நானா வாங்கின புத்தகம்" என்போம். யார் வாங்கியது, என்ன செய்தது எல்லாம் சொல்லி முடித்து, கடைசியில்தான் புத்தகம் வரும். சீனத்திலும் அப்படியே: "கெகெ மய் தெ ஷூ." கெகெ நானா, மய் வாங்குதல், ஷூ புத்தகம். நடுவில் இருக்கிற அந்தச் சின்ன 'தெ' நம்ம 'வாங்கின' என்பதில் உள்ள 'இன' செய்கிற வேலையைச் செய்கிறது. ஆங்கிலம் தலைகீழ். "த புக் மை பிரதர் போட்." புத்தகம் முதலில் வந்து நின்றுவிடும், விபரம் எல்லாம் பின்னால். அதைக் கையில் பிடித்துக்கொண்டே மிச்சத்தை வாசிக்க வேண்டும், வினைச்சொல் வரும் வரை விடக் கூடாது. தமிழ்ப் பிள்ளைக்கும் சீனப் பிள்ளைக்கும் அந்தப் பழக்கம் பிறப்பிலிருந்து கிடையாது. பத்துச் சொல் தாண்டுவதற்குள் கை நழுவிவிடும்.

அவளுடைய டீச்சர் இதற்கு ஒரு வைத்தியம் வைத்திருந்தார். நீளமான வசனம் வந்தால், பெயருக்குப் பின்னால் தொங்குகிற பகுதியை அடைப்புக்குள் போடு, எழுவாயையும் வினையையும் வட்டமிடு. அருமையான வழி. அவளுடைய கொப்பியில் அடைப்புகள் பூச்சி பறக்கிற மாதிரி நிறைந்திருக்கும். அதை நான் அப்படியே எடுத்துக்கொண்டு வந்து என் வகுப்பில் செய்கிறேன். நம்ம பிள்ளைகளுக்கு "தமிழிலயும் சீனத்திலயும் முன்னால வரும், இங்கிலிஷ்ல பின்னால வரும்" என்று சொன்னால் சீனத்தைக் கேட்டே உஷாராகிவிடுகிறார்கள்.

இன்னொன்றும் கவனித்தேன். கதைப் பந்திகளைச் சொல்லிக் காட்டும்போது 'ஹீ', 'ஷீ' இரண்டையும் மாற்றி மாற்றிப் போடுவாள். தாயை 'ஹீ' என்பாள். முதலில் அவளுக்குக் கதை குழம்பிவிட்டது என்றுதான் எனக்குப் பட்டது. பிறகு பார்த்தால், சீனப் பேச்சில் அவன், அவள், அது மூன்றுக்கும் ஒரே சத்தம்: 'தா'. எழுத்தில்தான் வேறு வேறு, அதிலும் பெண்ணுக்கு என்று தனி எழுத்து புழக்கத்துக்கு வந்து நூறு வருடம்தான் ஆகிறது. விளங்கிய பிள்ளையின் நாக்குத்தான் பிழைக்கிறது. இதற்குப் புள்ளி வெட்டுகிற ஆசிரியராக நான் இருந்தால் அவளுக்கு அநியாயம் செய்திருப்பேன்.

சொல்வளத்தில் அவளைப் பிடிக்க முடியாது. அங்கே காவ்காவுக்கு 3500 சொல் என்று ஒரு பட்டியல் இருக்கிறது, சின்னப் புத்தகமாகக் கடையில் விற்கிறது. ஒவ்வொரு சொல்லுக்கும் பக்கத்தில் சீனத்தில் அர்த்தம். அவள் அதை இரண்டு தரம் முடித்துவிட்டாள். ஆனால் பட்டியலில் சொல்லுக்கு ஒரு வீடுதான் இருக்கும், பந்தியில் அது ஊர் சுற்றும். 'அட்ரெஸ்' என்றால் விலாசம், சரி. ஒரு பிரச்சினையை 'அட்ரெஸ்' பண்ணுவது என்று வந்தால் கடிதம் போடுகிறார்களா என்று யோசிப்பாள். 'புக்' புத்தகம், அறையை 'புக்' பண்ணுவது வேறு. 'லாஸ்ட்' என்றால் கடைசி, மூன்று நாள் 'லாஸ்ட்' பண்ணியது என்றால்? வினாத்தாள் தயாரிக்கிறவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். தெரிந்த சொல்லின் தெரியாத அர்த்தத்தை அவர்கள் வேண்டுமென்றே தேடிப் பிடித்து வைப்பார்கள். அங்கே அடைப்புக்குள் உதவியும் வராது, ஏனென்றால் சொல் பட்டியலில் இருக்கிறதே!

சரி, நாங்கள் செய்தது என்ன? பெரிய வித்தை ஒன்றுமில்லை. கல்வியியற் கல்லூரியில் படித்த காலத்தில் எங்களுக்கு வாசிப்பு எடுத்த மேடம் செய்வதுதான். வினாக்களை மூடிவிடுவது. அவளுடைய அம்மாவிடம் சொல்லி, பந்தியை மட்டும் தனிப் பேப்பரில் பிரின்ட் எடுக்கச் செய்தேன். வினா இல்லை, விடை இல்லை, நேரம் இல்லை. ஒவ்வொரு பத்தி முடிவிலும் பேப்பரைக் கவிழ்த்துவிட்டு, இதுவரை என்ன சொன்னார், இனி என்ன சொல்வார் என்று எனக்குச் சொல்ல வேண்டும். பிழையாகச் சொன்னாலும் பரவாயில்லை, நான் திருத்த மாட்டேன், அடுத்த பத்தியே திருத்தும்.

முதல் மூன்று கிழமை அவளுக்கு இது பிடிக்கவே இல்லை. ஒரு மணித்தியாலத்தில் ஒரே ஒரு பந்தி. அந்த நேரத்தில் நான்கு பந்தி தேய்த்திருக்கலாம். வெளிப்படையாகவே கேட்டாள், இது பரீட்சைக்கு உதவுமா என்று. நியாயமான கேள்வி. அவளோடு படிக்கிற பிள்ளைகள் அந்த இரவில் என்ன செய்கிறார்கள் என்று அவளுக்குத் தெரியும். ஐந்து புள்ளி குறைந்தால் ஒரு பல்கலைக்கழகம் கைவிட்டுப் போகும் இடம் அது. ஆர்வத்துக்காக வாசி, அறிவுக்காக வாசி என்று இங்கே இருந்து உபதேசம் சொல்ல எனக்கு எந்த உரிமையும் இல்லை. அதனால் "நீ விடுகிற இரண்டு வினாவுக்கும் இதுதான் மருந்து, ஜனவரி வரை பார்ப்போம்" என்று மட்டும் சொன்னேன்.

மாற்றம் வந்தது மாட்டினால். சொல்கிறேன்.

2023 தாளின் நான்காவது பந்தி, கூட்டத்தின் அறிவு பற்றியது. பிரான்சிஸ் கால்டன் என்ற ஆங்கிலேயர் 1907 மார்ச் 7இல் வெளியிட்ட ஒரு கட்டுரையில் தொடங்குகிறது. நிறையப் பேர் தனித்தனியாகச் சொல்லும் மதிப்பீடுகளின் சராசரி, ஆச்சரியப்படும் அளவுக்கு உண்மைக்குப் பக்கத்தில் வரும் என்பது விஷயம். பந்தி சுருக்கமானது, வறண்டது. அவள் முதல் பத்தியை வாசித்துவிட்டு எனக்குச் சொன்னது பாடப்புத்தகம் மாதிரி இருந்தது. நான் பந்தியில் இல்லாததைச் சொன்னேன்: கால்டன் பார்த்தது ஒரு மாட்டை. பிளிமத் நகரில் ஒரு கண்காட்சியில், இந்த மாட்டை அறுத்தால் இறைச்சி எவ்வளவு நிறை வரும் என்று ஊகிக்கும் போட்டி. 787 சீட்டுகள். நடு மதிப்பு 1207 இறாத்தல் வந்தது, உண்மையான நிறை 1198. பிறகு நம்ம ஊரில் ஹஜ்ஜுப் பெருநாளைக்கு மாடு வாங்கப் போகிறவர்கள் பற்றிச் சொன்னேன். ஏழு பங்குக்காரர்கள், மாட்டைச் சுற்றிச் சுற்றி வந்து, இது நூற்றிருபது கிலோ தேறும், இல்லை நூறுதான், என்று அடிபடுவது. அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். "அவர்கள் ஒருவர் சொன்னதை மற்றவர் கேட்டால் கெட்டுப்போகுமே" என்றாள்.

சுப்ஹானல்லாஹ், பந்தியின் இரண்டாவது பத்தி அதுதான்! ஒருவர் மற்றவரைப் பார்த்துச் சொன்னால் பிழைகள் எல்லாம் ஒரே பக்கம் சாயும், சராசரி கெடும். அவள் பேப்பரைத் திருப்பி வாசித்துவிட்டுக் கத்தினாள். அதற்குப் பிறகு பந்தி திரும்புகிறது. ஆட்களைச் சின்னக் குழுக்களாகப் பிரித்து, கலந்து பேசவிட்டுப் பார்த்த ஒரு புதிய ஆய்வு. ஐந்து ஐந்து பேராக நான்கு குழு சொன்னதன் சராசரி, தனித்தனி இருபது பேரின் சராசரியை விடச் சரியாக வந்தது. "அப்ப நான் சொன்னது பிழையா?" என்று கேட்டாள். இல்லை, முழுக்கப் பிழையில்லை, எந்த நிலைமையில் என்பதுதான் விஷயம் என்று இருபது நிமிடம் வாதாடினோம். கடைசியில் வினாக்களைத் திறந்தபோது, எழுதியவரின் மனப்பாங்கைக் கேட்கும் வினாவுக்கு அவள் பந்தியைத் திரும்பப் பார்க்கவே இல்லை. கோடு போடவில்லை. அவளுக்கு அது தெரிந்திருந்தது.

இதில் எனக்குப் பட்டது ஒன்று. நாம் இந்தப் பரீட்சைகளைத் திட்டுகிறோம், மனப்பாடப் பரீட்சை என்கிறோம். ஆனால் அந்தப் பந்தி நல்ல பந்தி. யோசிக்கத் தெரிந்த ஒரு ஆள் தெரிவு செய்தது. வினாவும் நல்ல வினா. பந்திக்கும் பிள்ளைக்கும் நடுவில் போய் நிற்கிற பயிற்சிப் புத்தகமும் குறுக்குவழியும்தான் அதைச் சுருக்கி விடுகின்றன. சமைத்த சாப்பாட்டை வாசம் மட்டும் பிடித்துவிட்டு எழும்புகிற மாதிரி.

2024 தாளில் இன்னும் வேடிக்கை. மூன்றாவது பந்தி வாசிப்பைப் பற்றியதே! திரையில் வாசிப்பதும் தாளில் வாசிப்பதும் கிரகித்தலில் ஒன்றா என்று கேட்கிறது. பெரும்பாலும் இல்லை, திரையில் கவனம் மெலிகிறது, வேறு வேலையும் சேர்த்துச் செய்கிறோம், பொழுதுபோக்கு மனநிலையில் மேலோட்டமாக வாசிக்கிறோம் என்கிற மாதிரிப் போகிறது. கிரகித்தல் பற்றிய பந்தியை, கிரகிக்காமல் சொல் தேடி விடை எழுதிய பிள்ளைகள் எத்தனை பேரோ! அவளிடம் கேட்டேன், நீ எப்படி என்று. "நான் தாளில்தான் வாசிக்கிறேன், ஆனால் திரையில் மாதிரி" என்றாள். இதை விடச் சரியாக என்னால் சொல்ல முடியாது.

அவர்களிடம் இன்னொரு வினா வகை இருக்கிறது, நம்மிடம் இருந்தால் நல்லது. ஒரு பந்தியில் ஐந்து வசனங்களை எடுத்துவிட்டு, கீழே ஏழு வசனங்கள் கொடுத்திருப்பார்கள். சரியான ஐந்தைச் சரியான இடத்தில் வைக்க வேண்டும், இரண்டு மிஞ்சும். இதில் 'திஸ்', 'தே', 'ஹவெவர்' மாதிரிச் சின்னச் சொற்கள்தான் ராஜா. 'திஸ்' என்று ஒரு வசனம் தொடங்கினால் அதற்கு முன்னால் எதைச் சுட்டுகிறது என்று கேட்டே ஆக வேண்டும். எந்தப் பத்திரிகைக் கட்டுரையிலும் நாமே இப்படி வசனங்களை வெட்டி எடுத்து வகுப்பில் கொடுக்கலாம். செலவு ஒரு கத்தரிக்கோல்.

ஆனால் எனக்கு எல்லாவற்றையும் விடப் பிடித்தது எழுத்துப் பகுதியில் இருக்கிற ஒன்று. ஒரு கதையைப் பாதியில் நிறுத்திக் கொடுப்பார்கள். தொடர்ந்து இரண்டு பத்தி எழுத வேண்டும், சுமார் 150 சொல், 25 புள்ளி. ஒவ்வொரு பத்திக்கும் முதல் வசனம் கொடுக்கப்பட்டிருக்கும். 2016இல் முதன்முதலில் கொண்டு வந்தது இவளுடைய செஜியாங்கில்தான். பார்க்க எழுத்துப் பரீட்சை, உள்ளே முழுக்க வாசிப்பு. சொல் தேடி இதைச் செய்ய முடியாது.

2024 தாளில் வந்த கதை: புயலால் விமானம் தாமதம். கதை சொல்கிறவர் வியன்னாவில் இறங்கும்போது பிராகாவுக்கான கடைசி பஸ்ஸுக்கு அரை மணித்தியாலம்தான் மிச்சம். குந்தர் என்ற டாக்சிக்காரர் எப்படியோ கொண்டு வந்து சேர்க்கிறார். காசு கொடுக்கப் போனால் அட்டை வேலை செய்யவில்லை, காசு எடுக்கும் இயந்திரமும் கைவிட்டுவிட்டது. முதல் பத்தி, குந்தரிடம் ஓடிப் போய் அந்தக் கெட்ட செய்தியைச் சொன்னதாகத் தொடங்க வேண்டும். இரண்டாவது, நான்கு நாள் கழித்து வியன்னாவுக்குத் திரும்பி, வாக்குக் கொடுத்தபடி குந்தருக்கு அழைப்பெடுத்ததாக.

அவள் முதல் தரம் எழுதியது எனக்குச் சிரிப்பும் கவலையுமாக வந்தது. கண்ணீர் கன்னத்தில் வழிகிறது, இதயம் முரசு போல அடிக்கிறது, சூரியன் முகில்களைக் கிழித்துக்கொண்டு வருகிறது. அது இரவு! அங்கே இதற்கென்றே அழகான வசனங்களை மனப்பாடம் செய்கிறார்கள், எந்தக் கதைக்கும் ஒட்டலாம். எங்கள் பிள்ளைகளின் கட்டுரைகளில் 'சூரியன் கிழக்கே உதிக்க' வருகிற மாதிரித்தான்.

இரண்டாவது பத்தியின் முதல் வசனத்தை மட்டும் வாசிக்கச் சொன்னேன். வாக்குக் கொடுத்தபடி, அழைப்பெடுத்தேன். அப்படியென்றால் முதல் பத்திக்குள் என்ன நடந்திருக்க வேண்டும்? யோசித்தாள். "வாக்குக் கொடுத்திருக்க வேண்டும்." இன்னும்? "டெலிபோன் நம்பர் வாங்கியிருக்க வேண்டும்." இன்னும்? "பஸ்ஸில் ஏறியிருக்க வேண்டும்." இன்னும்? நீண்ட நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "குந்தர் அவரை நம்பியிருக்க வேண்டும்" என்றாள்.

அதற்குப் பிறகு நாங்கள் ஆங்கிலம் கதைக்கவில்லை, கடனைப் பற்றிக் கதைத்தோம். ஊர் பேர் தெரியாத வெளிநாட்டுக்காரனை, இரவில், மழையில், காசில்லாமல் ஏன் ஒரு டாக்சிக்காரன் நம்ப வேண்டும்? நான் நம்ம ஊர்க் கடைகளில் இருக்கிற கடன் கொப்பியைச் சொன்னேன், அமானிதம் என்றால் என்ன என்று சொன்னேன். அவள் தன் அம்மா வேலை செய்கிற இடத்தில் வெளிநாட்டு வியாபாரிகளுக்கு முற்பணத்தோடு சாமான் அனுப்புவதைச் சொன்னாள். திரும்பி வராத காசும் உண்டாம். "ஆனால் அம்மா உன் நானாவுக்கு அனுப்புவார்" என்றாள். அடுத்த கிழமை அவள் எழுதி அனுப்பியதில் கண்ணீர் இல்லை, சூரியன் இல்லை. குந்தர் ஒரு துண்டுப் பேப்பரில் நம்பரை எழுதிக் கொடுக்கிறார், அந்த ஆளின் பெயரைக்கூடக் கேட்கவில்லை. நான்கு நாள் கழித்து அழைப்பெடுத்தபோது, "பிராகாவில் மழையா?" என்றுதான் முதலில் கேட்கிறார். இலக்கணப் பிழை மூன்று இருந்தது. நான் திருத்தவில்லை, டீச்சரிடம் விட்டுவிட்டேன்.

ஜனவரியில் எழுதினாள், ஜூனில் திரும்ப எழுதினாள். 2025 ஜூன் 8, நமக்குப் பெருநாளைக்கு மறுநாள். அங்கே பின்னேரம் மூன்று மணி, நமக்குப் பன்னிரண்டரை. நான் குர்பான் இறைச்சிப் பைகளுக்கு நடுவில் நின்றுகொண்டு மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டாவது தரம் புள்ளி கூடியது. எங்கள் சனிக்கிழமைகளால்தான் கூடியது என்று சொல்ல மாட்டேன். அந்த ஐந்து மாதமும் அவள் மற்ற நாட்களில் தேய்க்கிற வேலையையும் விடவில்லை, விடச் சொல்லி நான் கேட்கவும் இல்லை. வினாத்தாளுக்கு நேரம் பிடிக்க அதுவும் வேண்டும்.

இப்போது என் தரம் 10 வகுப்பில் வியாழக்கிழமை மூன்றாம் பாடவேளை, வினா இல்லாத வாசிப்பு. ஒரு பந்தி, நாற்பது நிமிடம், பேப்பரைக் கவிழ்த்துவிட்டுச் சொல்ல வேண்டும், தமிழில் சொன்னாலும் சரி. சில பெற்றோர் கேட்டார்கள், டீச்சர் பாஸ்ட் பேப்பர் செய்யவில்லையா என்று. செய்கிறோம், மற்ற நாட்களில். வீட்டில் ஓ.எல் பிள்ளை இருந்தால் இன்றைக்கே ஒன்று செய்து பாருங்கள். அவர் சரியாகச் செய்த ஒரு கிரகித்தலை எடுங்கள், வினாக்களைக் கையால் மூடுங்கள், இதில் என்ன நடக்கிறது என்று கேளுங்கள். உங்களுக்கு ஆங்கிலம் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. பிள்ளைக்குச் சொல்ல ஏதாவது இருக்கிறதா இல்லையா என்பது முகத்திலேயே தெரியும்.

குந்தர் கதையை நாளை வகுப்புக்குக் கொண்டு போகிறேன். பாதியில் நிறுத்தி.